ஈறு ஒதுங்கினால்தான் கோடு தெரியும்

கேப் போட வருகிறவர்களுக்குப் பல்லைத் தேய்க்கிற நாள்தான் பெரிய நாள். மரத்துப்போக ஊசி, மெஷின் சத்தம், வாய் நிறையத் தண்ணீர், எல்லாம் அன்றைக்குத்தான். அளவெடுப்பதை அவர்கள் ஒரு வேலையாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. "மாவை வச்சு அமுக்கி எடுக்கிறதுதானே டாக்டரம்மா, சாயந்தரம் கடையை மூடிட்டு ஓடி வந்துரட்டுமா?" என்று கேட்பார்கள். ராமநாதபுரத்தில் நான் கிளினிக் வைத்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒரு கேப் பதினைந்து வருடம் நிற்குமா, நாலே வருடத்தில் உள்ளே சொத்தை விழுந்து கழன்று வருமா என்பதில் பெரும்பகுதி அந்த அளவில்தான் தீர்மானமாகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அளவு சரியாக அமையுமா என்பதோ, மாவைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே, ஈறிலும் எச்சிலிலும் தீர்மானமாகிவிடுகிறது.

தேய்த்த பல்லின் அடியில், தேய்ப்பு நிற்கிற இடத்தில், சுற்றிலும் ஒரு கோடு ஓடும். மார்ஜின் என்போம். லேபிலிருந்து வரும் கேப்பின் விளிம்பு அந்தக் கோட்டின்மேல் போய் உட்கார வேண்டும். எட்டாமல் நின்றால் இடைவெளி. அதை நிரப்பும் சிமெண்ட் எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த வழியே கிருமி உள்ளே போகும். கோட்டைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றால் அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கும். எவ்வளவு இடைவெளியைப் பல் தாங்கும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு 120 மைக்ரான். மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர், ஐந்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களில் செய்த வேலையைப் பார்த்து 1971-ல் எழுதியது. ஒரு மில்லிமீட்டரை எட்டாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு பங்கு. நாங்கள் கோட்டைச் சுற்றி ஊசிக்குழலால் விடுகிற மெல்லிய சிலிக்கான் பசையோ 20 மைக்ரான் அகலமுள்ள கீறலைக்கூடப் பதித்துக் காட்ட வேண்டும் என்பது அதற்கான தரக்கட்டுப்பாடு. ஆக, பொருளுக்குத் திறமை போதும். ரத்தமும் எச்சிலும் மூடிய கோட்டை எந்தப் பொருளும் பதிக்காது, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் உறுத்துவது, இந்தத் தவறு யார் கண்ணுக்கும் தெரியாது என்பது. கோடு மங்கலாகப் பதிந்த அளவு லேபுக்குப் போகிறது. அங்கே இருப்பவர் போன் போட்டுக் கேட்டால் நல்லது. கேட்காமல், கோடு இங்கேதான் இருக்கும் என்று தன் கண்மதிப்பில் பென்சிலால் இழுத்து மெழுகு வைத்துவிட்டால், கேப் வந்துவிடும். பல்லில் ஏறவும் செய்யும். ஒட்டியதும் கண்ணாடியில் பார்த்து, பணம் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் வலி இருக்காது, ஏனென்றால் பெரும்பாலும் ரூட் கேனால் செய்த பல், அதில் நரம்பு கிடையாது. ஒரு நாள் சாப்பிடும்போது கழன்றுவிடும். காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள். எங்கெங்கோ போட்ட கேப்புகள் அப்படி என்னிடம் வந்திருக்கின்றன. உட்புறம் கறுத்து நாறும். பல்லோ ஈறு மட்டத்தில் மெத்தென்று போயிருக்கும். "கடினமா எதையாவது கடிச்சிருப்பேன்" என்று அவர்களே தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்வார்கள். லென்ஸில் கேப்பின் விளிம்பைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் நான் படித்தது தொண்ணூறுகளில். 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய இடம் அது. அப்போதே ரப்பர் வகைப் பொருள்கள் எல்லாம் வந்துவிட்டிருந்தாலும், எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு பேராசிரியர் செம்பு வளைய முறையை ஒரு தடவையாவது செய்யச் சொல்வார். மெல்லிய செம்புக் குழாயைப் பல்லின் சுற்றளவுக்குத் தேர்ந்தெடுத்து, அதன் அடிவிளிம்பை ஈறின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கத்தரிக்க வேண்டும். பிறகு பச்சைக் காம்பவுண்டுக் குச்சியை நெருப்பில் இளக்கி உள்ளே நிரப்பி, பல்லில் அழுத்தி, தண்ணீர் விட்டு ஆறவைத்து எடுக்க வேண்டும். ஒரு பல்லுக்கே அரை மணி நேரம் போகும். இறுகிய காம்பவுண்டு வளையாது என்பதால், பல்லில் சின்னக் குழிவு இருந்தாலும் பதிவு சிதைந்துவிடும். அந்த முறையில் யாரும் கேப் செய்யப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் குழாயைக் கத்தரிக்கும்போதுதான் ஈறு பல்லைச் சுற்றி நேர்க்கோட்டில் ஓடுவதில்லை என்பது கைக்குத் தெரிந்தது. இரண்டு பற்களுக்கு நடுவே அது மேலேறுகிறது, கன்னப் பக்கம் கீழிறங்குகிறது. கோடும் அப்படியே ஏறி இறங்கித்தான் ஓட வேண்டும். தட்டையாகத் தேய்த்தவன் பல்லிடுக்கில் ஈறைக் கிழித்திருப்பான். "அளவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஈறைப் படிங்க" என்பார் அவர். அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்.

எங்கள் ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் கடல்வழியாக ஓர் உறவு இருக்கிறது. படிக்கிற காலத்தில் எனக்கு அது தெரியாது. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று அவர்கள் சொல்வதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசி ஆல்ஜினேட்டுக்குப் போகிறது. இரண்டுமே பல் அளவோடு தொடர்புள்ளவை. 1930களில் வாய்க்குள் வளைந்து கொடுத்து, எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் முதல் நல்ல பொருளாக அகர் வந்தது. சூடாக்கினால் இளகும், தண்ணீர் ஓடும் டிரேயில் குளிர்வித்தால் இறுகும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வரத்து நின்றுபோக, அதன் இடத்தைப் பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் பிடித்தது. தண்ணீரில் குழைத்து வாயில் வைக்கும் அந்தப் பொடியை இன்றும் பெரும்பாலான பல் கிளினிக்குகளில் பார்க்கலாம். பாசி எடுக்கிற ஓர் அம்மாவுக்கு ஆல்ஜினேட்டில் அளவெடுத்தபோது, "இது நீங்க எடுக்கிற கோரையிலேருந்து வர்றது ஆத்தா" என்றேன். டிரேயை வாங்கி மோந்து பார்த்து, "மணமே இல்லையே" என்றார்.

ஆனால் மார்ஜின் கோட்டுக்கு ஆல்ஜினேட் ஆகாது. எதிர்த்தாடையின் அளவுக்கும், ஆரம்ப மாடலுக்கும் சரி. நுணுக்கம் பதிவதில் குறை, மெல்லிய ஓரம் கிழிந்துவிடும். அதைவிட முக்கியம், அதில் பெரும்பகுதி தண்ணீர். காற்றில் வைத்தால் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உப்பும். எடுத்த கால் மணி நேரத்துக்குள் மாடல் வார்க்கும் ஸ்டோன் குழம்பை ஊற்றிவிட வேண்டும். ஈரத்துணியில் சுற்றி மாலை வரை மேஜையில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது.

இனி ஈறு. பல்லைத் தேய்த்த அன்றே அளவெடுப்பது எனக்குப் பிடிக்காது, கோடு ஈறுக்கு மேலேயே இருந்தால் ஒழிய. முடிந்த இடத்திலெல்லாம் ஈறுக்கு மேலேயே கோட்டை நிறுத்துகிறேன். சிரித்தால் தெரிகிற முன்பற்களிலும், சொத்தை ஆழமாகப் போன பற்களிலும் கோடு ஈறுக்குள் இறங்கியே ஆக வேண்டும். அப்போது தேய்த்த அன்று தற்காலிக கேப் வைத்து அனுப்புகிறேன். அந்தத் தற்காலிக கேப்பைப் பலர் பல் கூசாமல் இருக்க ஒரு மூடி என்று நினைத்து ஏனோதானோ என்று செய்கிறார்கள். என் பார்வையில் அளவின் தரத்தில் பாதி அதில் இருக்கிறது. அதன் ஓரம் சொரசொரப்பாக நீட்டிக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் ஈறு சிவந்து, தொட்டாலே ரத்தம் வரும். வழவழப்பாகத் தீட்டி, கோட்டில் சரியாக நிற்கும்படி வைத்து, எப்படித் துலக்குவது என்று கண்ணாடியில் காட்டி அனுப்பினால், இரண்டு வாரத்தில் ஈறு வெளிர்ச் சிவப்பில் கெட்டியாக இருக்கும். அப்படிப்பட்ட ஈறில் அளவெடுப்பது சுகம்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடம் இந்தக் கணக்கு பலிக்காது. ஈறு பஞ்சு போல இருக்கும். அவர்களை முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்; ஈறைச் சுத்தம் செய்து காத்திருக்கிறேன். பெண்ணுக்குக் கல்யாணம், அடுத்த வாரமே பல் வேண்டும் என்று நெருக்குவார்கள். தற்காலிக கேப்பையே அழகாகச் செய்து கொடுத்துவிடுகிறேன். கல்யாணத்துக்கு அது போதும். அளவு மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு.

அளவெடுக்கும் நாளில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள வெடிப்பில் கார்டு என்கிற பின்னிய நூலை நுழைக்க வேண்டும். மூன்று சைபரில் தொடங்கி 3 வரை பருமன்கள் உண்டு. மிக மெல்லியதை அடியில் வைத்து, அதன்மேல் சற்றுப் பெரியது. அலுமினியம் குளோரைடில் நனைத்தது. கீழ் நூல் ரத்தத்தையும் கசிவையும் தடுத்து அங்கேயே இருக்கும். மேல் நூல் ஈறைப் பக்கவாட்டில் ஒதுக்கும். கோட்டை ஒட்டி குறைந்தது 0.2 மில்லிமீட்டராவது இடம் கிடைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பசை உள்ளே போனாலும் ஓரம் மெல்லிசாகி, எடுக்கும்போது கிழியும். அட்ரினலின் தோய்த்த நூலும் உண்டு, இதய நோய்க்காரர்கள் நிறைய வருகிற ஊரில் அதை நான் வாங்கி வைப்பதே இல்லை. நூலை வைத்த பிறகு ஐந்து நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். வெளியே காத்திருப்போர் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்கக் கூடாது. நூலை எடுக்கும்முன் தண்ணீரில் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ந்த நூல் ஈறின் உட்தோலைப் பிய்த்துக்கொண்டு வரும், அதுவரை பட்ட பாடெல்லாம் ரத்தத்தோடு போகும். பிறகு நன்றாகக் கழுவி, காற்றடித்து உலர்த்தினால், பல்லைச் சுற்றி வெள்ளையாகக் கோடு முழுசாகத் தெரியும். எங்காவது தெரியவில்லை என்றால், பசை தேடிப் போய்ப் பதித்துவிடும் என்று நம்பக் கூடாது. மறுபடி நூல்.

மேல் கடைவாய்ப் பல்லில் எச்சில் பெரிய தொல்லை. இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறத்தில்தான் காதடி உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறக்கிறது. அந்த இடத்தில் பஞ்சு உருளையைச் சரியாக வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பசையின் பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் 23 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. ராமநாதபுரத்துச் சித்திரை மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இரண்டு நிமிடம் கையாளலாம் என்று போட்டிருந்தால் ஒரு நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். பாதி இறுகிய பசையை வாயில் அழுத்தினால் பதிவு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே அமுங்கிய பசை வெளியே வந்ததும் நிமிர்ந்துகொள்ளும். கேப் இறுக்கமாக வரும், முழுசாக இறங்காது. 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், ஏசி ஓடாது, கம்ப்ரஸர் ஓடாது. காற்றில்லாமல் பல்லை உலர்த்த முடியாது. அந்த வருடங்களில் அளவெடுப்பதையெல்லாம் கரண்ட் இருக்கிற விடிகாலை நேரத்துக்கு மாற்றினேன். சிலிக்கானை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்பதையும் அப்போதுதான் வழக்கமாக்கினேன்.

கையுறை விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் பல இடங்களில் இதற்காகப் பொருளைக் குறை சொல்கிறார்கள். இப்போது நாங்கள் பயன்படுத்தும் அடிஷன் சிலிக்கான் என்ற வகை இறுகுவது பிளாட்டினம் கலந்த ஒரு சேர்மத்தால். லேடக்ஸ் கையுறையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அந்தப் பிளாட்டினத்தை வேலை செய்யவிடாது. லேடக்ஸ் கையுறையோடு மாவைப் பிசைந்தால் மேற்பரப்பு பிசுபிசுவென்று நிற்கும். பிசைகிறவர் வினைல் கையுறை போட்டாலும், லேடக்ஸ் கையுறையால் நூலை வைத்தவர் பல்லைத் தொட்டிருந்தால், சரியாகக் கோட்டின் ஓரத்தில் மட்டும் இறுகாமல் ஒரு படலம் நிற்கும். மற்ற இடமெல்லாம் நன்றாக இருப்பதால் அது கண்ணுக்கே படாமல் போகலாம். என் உதவியாளர் அளவு நாளில் லேடக்ஸ் பெட்டியை அலமாரியில் பூட்டியே விடுவார்.

பிரிட்ஜ் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. இடது கீழ்ப்பக்கம் முதல் கடைவாய்ப் பல் இல்லை, முன்னும் பின்னும் உள்ள பற்களைத் தேய்த்து மூன்று பல் பிரிட்ஜ் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளும் தனித்தனியே துல்லியமாகப் பதிந்தால் மட்டும் போதாது. ஒன்றுக்கொன்று உள்ள தூரமும் கோணமும் மாறாமல் வர வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் டிரேயில் கெட்டி மாவை வைத்து அழுத்தினால் டிரே அகலமாக விரிந்து, வெளியே எடுத்ததும் சுருங்கும். பிரிட்ஜ் மாடலில் கச்சிதமாக உட்கார்ந்து, வாயில் ஆடும். அதனால் உலோக டிரே, இல்லையென்றால் அவரவர் தாடைக்கென்று அக்ரிலிக்கில் செய்த டிரே. அக்ரிலிக் டிரேயை முந்தின நாளே செய்துவைக்க வேண்டும், அன்றே செய்தால் அது சுருங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, வாயை 'ஆ' என்று முழுக்கத் திறந்தால் கீழ்த்தாடை எலும்பின் இரு பக்கமும் துளி உள்நோக்கி வளைகிறது. வளைந்த நிலையில் எடுத்த அளவுக்கு வளையாத தாடையில் பிரிட்ஜ் எப்படிச் சேரும்? கீழ்த்தாடையில் அளவெடுக்கும்போது, "அவ்வளவு வேணாம்ணே, பாதி மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பல் ஆடுகிறவர்களிடம் டிரேயை வைக்கும்முன் பழைய பிரிட்ஜின் அடியிலும் பல்லிடுக்கின் பெரிய குழிவுகளிலும் மெழுகு வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் இறுகிய சிலிக்கான் அங்கே பூட்டிக்கொள்ளும். அதை உருவும்போது ஆடுகிற பல் கூடவே வந்துவிடலாம். குமட்டுகிறவர்களுக்கு நாற்காலியை நிமிர்த்தி, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, ஒரு காலைத் தூக்கிப் பிடித்து மூக்கால் மூச்சு விடச் சொல்கிறேன். கவனம் காலுக்குப் போய்விடும். இறுகி முடிந்ததும் டிரேயை ஆட்டி ஆட்டி எடுக்கக் கூடாது. பல்லின் போக்கிலேயே ஒரே இழுப்பு.

எடுத்த அளவைத் தண்ணீரில் அலசி, காற்றடித்து, லென்ஸ் போட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்த நேரத்தில் நான் யாரிடமும் பேச மாட்டேன். கோடு முழுச்சுற்று தெரிகிறதா, கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டராவது பசை சட்டை போல நீண்டிருக்கிறதா, குமிழ் இருக்கிறதா, மடிப்பு விழுந்த இடத்தில் வழவழவென்று பளபளப்பு தெரிகிறதா. பளபளப்பு என்றால் அங்கே எச்சில் இருந்தது என்று அர்த்தம். பல்லின் மேல்முகத்தில் சின்னக் குமிழ் இருந்தால் ஸ்டோனில் முளைக்கும் பருவைச் சுரண்டிவிடலாம். கோட்டில் குமிழ் இருந்தால் மன்னிப்பே இல்லை, மறுபடி எடுக்க வேண்டியதுதான். சிலிக்கானின் விலை நினைவுக்கு வரும். உட்கார்ந்திருப்பவரின் முகம் சுருங்கும். அப்போது பல்லின் பக்கம் நிற்க வேண்டும்.

தொடக்க காலத்தில் நான் பயன்படுத்தியது கண்டன்சேஷன் சிலிக்கான். விலை குறைவு. அது இறுகும்போது ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், நேரம் ஆக ஆகச் சுருங்கும். லேப் மதுரையில். நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் சூட்டில் போகிற பெட்டியில் அதை அனுப்புவதில் அர்த்தமில்லை. ஒரு வைப்ரேட்டரும் டை ஸ்டோனும் வாங்கிவந்து, எடுத்த அரை மணி நேரத்துக்குள் நானே ஊற்றினேன். தண்ணீரைக் கண்ணளவில் விடாமல் அளந்து விட்டு, ஓர் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட வேண்டும். அடிஷன் சிலிக்கான் வாங்கும் வசதி வந்ததும் அந்த அவசரம் போயிற்று. அது நாள்கணக்கில் அளவு மாறாது. ஆனால் சில வகைகள் முதல் ஒரு மணி நேரம் ஹைட்ரஜன் வாயுவை விடும். உடனே ஸ்டோன் ஊற்றினால் டை என்கிற பல் வார்ப்பில் ஊசிமுனைக் குழிகள் விழும். பரமக்குடி தாண்டுவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது.

மதுரை லேபில் என் வேலைகளைப் பார்க்கும் டெக்னீஷியன் அண்ணன் வாய்க்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் அனுப்பும் அளவுதான். பழகிய புதிதில் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: கோடு தெரியாவிட்டால் ஊகித்துச் செய்யாதீர்கள், போன் போடுங்கள். பல டாக்டர்கள் அப்படிப் போன் வந்தால் கோபிப்பார்களாம், அதனால் முதலில் தயங்கினார். இப்போது தயங்குவதில்லை. "மேடம், நாப்பத்தாறு டிஸ்டல் பக்கம் கோடு ஓடி மறையுது" என்பார். வலது கீழ் முதல் கடைவாய்ப் பல், பின்பக்கம். நூலை வைக்கக் கை எட்டாத மூலை, எச்சில் தேங்குகிற மூலையும் அதுதான்.

இப்போது வாய்க்குள் ஸ்கேனரும் வந்துவிட்டது. 1985-ல் சூரிச்சில் வெர்னர் மோர்மன் தொடங்கிவைத்தது, எங்கள் மாவட்டத்துக்கு வந்துசேர இத்தனை காலம். மாவு இல்லை, குமட்டல் இல்லை, பஸ் பார்சல் இல்லை. இனி நூல் வைக்கிற வேலையே இல்லை என்று விற்க வந்தவர் சொன்னார். அது உண்மையில்லை. சிலிக்கானாவது ஓரளவு ஈறைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். ஒளி எதையும் தள்ளாது. கேமரா கண்டது மட்டும்தான் திரையில் வரும். ரத்தம் மூடிய இடத்தை மென்பொருள் தானாக வளைத்து நிரப்பிக் காட்டும்போது, மங்கலான சிலிக்கானைவிட அது ஆபத்து, ஏனென்றால் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. முழுத்தாடை நீளப் பிரிட்ஜுக்கு இன்னும் நான் சிலிக்கானைத்தான் நம்புகிறேன். துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டிக்கொண்டே போவதில் தூரம் கூடக் கூடப் பிசகும் கூடுகிறது.

ஒற்றைக் கேப்புக்கும் மூன்று பல் பிரிட்ஜுக்கும் ஸ்கேனர் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அண்ணனின் போன் மறுநாள்தான் வரும். அதற்குள் தற்காலிக கேப்பை ஒட்டி அனுப்பியிருப்போம். தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ வந்தவர் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். இப்போது நூலை எடுத்து ஸ்கேன் செய்ததும் படத்தை மதுரைக்கு அனுப்பிவிட்டு, வந்தவரை நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கிறேன். அண்ணன் பெரிதாக்கிப் பார்த்துக் கோட்டைச் சுற்றி வந்து, சரி என்று சொன்ன பிறகுதான் தற்காலிக கேப்பை ஒட்டுகிறேன். பின்பக்கம் தெரியவில்லை என்றால், புதுப் பஞ்சு, புது நூல், இன்னும் ஐந்து நிமிடம்.